நடமாடும் செற்றி, காப்பெற் கழுவல்: வானா, பட்டாவா, ட்ரெயிலரா?

பரந்தன்சந்தி

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நானும் மச்சானும் சேர்ந்து வீடு வீடாகப் போய் செற்றி, மெத்தை, காப்பெற், வாகன இருக்கைகள் கழுவிக் குடுக்கிற வேலை தொடங்கப் போறம். கிளிநொச்சிதான் நிலையம். ஏ9இல் மாங்குளம் வரைக்கும், மற்றப் பக்கம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவு வரைக்கும் ஓடுற எண்ணம். வாகன விசயத்தில் மூன்று யோசனை இருக்கு.

ஒன்று, பாவிச்ச வான். சுசுகி எவ்ரி (சின்ன வான்) ஒன்றும் பழைய டொல்பின் ஹயேஸ் (பெரிய டொயோட்டா வான்) ஒன்றும் பார்த்து வைச்சிருக்கிறம். இரண்டாவது, பட்டா (சின்ன லொறி) எடுத்துப் பின்னால அலுமினியத் தகட்டில் கூடு அடிக்கிறது. மூன்றாவது, வீட்டில் டபிள் கப் பிக்கப் நிற்கிறபடியால், ட்ரெயிலர் ஒன்று ஒட்டுவிச்சு 500 லீற்றர் தாங்கி, ஜெனரேற்றர், மெசின் எல்லாத்தையும் அதிலயே நிரந்தரமாகப் பூட்டுறது. மச்சானுக்கு மூன்றாவதில்தான் விருப்பம். கப்பை மற்ற நாளில் வேற வேலைக்கு எடுக்கலாம் எண்டுறார்.

தண்ணியை விசிறித் திரும்ப உறிஞ்சுற கழுவுற மெசின் இன்னும் வாங்கேல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் வானுக்குள்ளயே எஞ்சினோட பூட்டின பெரிய மெசின் காட்டுறாங்கள். அது வேணுமா, இல்லாட்டி தள்ளிக்கொண்டு போற சின்ன மெசின் காணுமா? எவ்வளவு தண்ணி காவ வேணும்? எது எங்க பிழைக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை

தம்பி, வாகனத்தை முதலில் பார்க்காதீங்கோ. ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தண்ணி, எத்தனை கிலோ சாமான், இந்த இரண்டையும் தாளில் எழுதுங்கோ. வாகனம் தானாகத் தெரியும்.

வன்னியில் சுவருக்குச் சுவர் காப்பெற் விரிச்ச வீடு மிகக் குறைவு. நிலம் சீமெந்து, இல்லாட்டி ரைல்ஸ். உங்களுக்கு வரப்போற வேலையில் பெரும்பங்கு செற்றி, மெத்தை, வான் இருக்கை. காப்பெற் எண்டால் வங்கிக் கிளை, அலுவலகம், விடுதி, பள்ளிவாசல், தேவாலயம் இவ்வளவுதான். செற்றிக்குத் தண்ணி அதிகம் போகாது. மூன்று பேர் இருக்கிறது ஒன்று, ஒருவர் இருக்கிறது இரண்டு எண்டு ஒரு செற், 25 முதல் 30 லீற்றரில் முடியும். நாளுக்கு மூன்று வீடு எண்டாலும் 100 லீற்றருக்குள்தான். காப்பெற் எண்டால் 1000 சதுர அடிக்கு 200 முதல் 400 லீற்றர் வரை போகும். ஆனால் அப்படியான இடத்தில் குழாய்த் தண்ணி அங்கேயே இருக்கும்.

அதனால் 500 லீற்றர் தாங்கி உங்களுக்குத் தேவையே இல்லை. தண்ணி ஒரு லீற்றர் ஒரு கிலோ. தேவையில்லாத 400 கிலோவை ஒவ்வொரு நாளும் முல்லைத்தீவுக்குக் காவிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வந்தால், டீசலிலும் ரயரிலும் காசு கரையும்.

வானுக்குள் பூட்டுற பெரிய மெசினை இப்ப மறந்து விடுங்கோ. மெசின் மட்டும் 300 கிலோ அளவில் வரும். அழுக்குத் தண்ணித் தாங்கி நிரம்பினால் இன்னொரு 300, நல்ல தண்ணி 300, 50 மில்லிமீற்றர் குழாய்ச் சுருள் வேற. ஒரு டன்னை நெருங்கும். ஹயேஸுக்கே அது எல்லைப் பாரம். அதைவிட, அதன் காற்று உறிஞ்சும் புளோவரோ உயர் அமுக்கப் பம்போ பழுதானால் கிளிநொச்சியில் உதிரிப்பாகம் எடுக்கேலாது, வேலை வாரக்கணக்கில் நிற்கும். தள்ளுற மெசினில் இருக்கிற வக்யூம் மோட்டரை மாற்றுறது ஒரு பின்னேர வேலை. ஒரு மோட்டரை உதிரியாகப் பெட்டியில் வைச்சிருக்கலாம்.

இனிப் பாரக் கணக்கு. இரண்டு மோட்டர் மெசின் 50 கிலோ. 35 லீற்றர் தண்ணிக் கான் மூன்று, 105. ஈரம் காய வைக்கிற காற்றாடி மூன்று, 36. மருந்து, பிரஷ், வாளி 30. குழாய், வயர் 20. மொத்தம் 240 கிலோ சொச்சம். 5 கேவிஏ ஜெனரேற்றர் ஏற்றினால் இன்னொரு 85, அப்ப 325. எவ்ரிக்கு எழுதின பாரம் 350 கிலோ. ஜெனரேற்றரோட விளிம்பில் நிற்கும், இல்லாமல் நிம்மதியாக ஓடும். பட்டாவுக்கு 750 கிலோ அளவு. ஹயேஸுக்கு ஒரு டன் பக்கம்.

என்ர முடிவு: மூடின வான், தள்ளுற மெசின், 100 லீற்றர் தண்ணி. ட்ரெயிலரை இரண்டாவது வருசம் யோசியுங்கோ.

அச்சாணி

கணக்குப்பிள்ளை அண்ணை சொன்ன பாரக் கணக்கு சரி. ஆனால் ட்ரெயிலரை ஒரேயடியாகத் தள்ளவும் கூடாது. இழுக்கிற வாகனம் கராச்சில் கிடந்தாலும் இன்னொரு கப்பைக் கொழுவி வேலைக்குப் போகலாம். அது பெரிய விசயம். பிரச்சினை என்னவெண்டால் எங்கட பக்கம் ட்ரெயிலர் எண்டதும் உழவு இயந்திரப் பெட்டி மாதிரி ஒட்டிப் போடுறாங்கள். வயலுக்குள் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுற அமைப்பு வேற, ஏ9இல் 70இல் ஓடுற அமைப்பு வேற.

முக்கியமானது முன்பாரம். கப்போட இணைக்கிற கொழுவியில் இறங்குற பாரம் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேணும். 700 கிலோ ட்ரெயிலர் எண்டால் 70 கிலோ. இதை அளக்கிறது சுகம்: சமதரையில் நிறுத்தி, ஆள் நிறுக்கிற தராசை வைச்சு, அதுக்கு மேல கொழுவி உயரத்துக்கு மரக்கட்டை ஒன்று நிறுத்தி, கொழுவியை அதில் இறக்குங்கோ. முன்பாரம் குறைஞ்சால் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரைக்கும் இருக்கிற நேர் வீதியில் வேகம் பிடிச்சு ஓடேக்கை ஆட்டம் தொடங்கினால், பிறேக் அடிச்சால் இன்னும் கூடும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரேறிங்கை நேராகப் பிடிச்சு, தானாக வேகம் குறைய விட வேணும்.

தண்ணி வேலை ட்ரெயிலரில் ஒரு பொறி இருக்கு. நல்ல தண்ணித் தாங்கியை அச்சுக்கு முன்னாலயும் அழுக்குத் தண்ணித் தாங்கியைப் பின்னாலயும் வைப்பினம், ஏனெண்டால் பின்னால இருந்து ஊத்துறது சுகம். காலமை போகேக்கை நல்லா ஓடும். வேலை நடக்க நடக்க முன்னால இருந்த பாரம் பின்னுக்குப் போகும். 200 லீற்றர் இடம் மாறினால், பின்னேரம் வீட்ட திரும்பேக்கை முன்பாரம் இல்லாமலே போயிடும். பிழை வரும்போது வேகத்தையும் காற்றையும் குறை சொல்லுவினம். இரண்டு தாங்கியையும் நேரே அச்சுக்கு மேல, ஒன்றுக்கு மேல ஒன்றாக வையுங்கோ. கீழே அழுக்குத் தாங்கி, மேலே நல்ல தண்ணி. அப்படியும் வீதிக்கு ஏற முதல் அழுக்குத் தண்ணியை வெறுமையாக்கினால் நல்லது.

கூரையில் வைக்கிற நிமிர்ந்த பிளாஸ்ரிக் தாங்கியை ட்ரெயிலரில் கட்டாதீங்கோ. அது ஓரிடத்தில் நிற்கிறதுக்குச் செய்தது. பாதி தண்ணியோட ஓடினால் தண்ணி முன்னும் பின்னும் அடிச்சு, வெளிக்குழாய் பூட்டின இடத்தில் வெடிப்பு விழும். உள்ளே தடுப்புத் தகடு வைச்ச படுக்கைத் தாங்கி வேணும், இல்லாட்டி 35 லீற்றர் கான்களை நிரையாக அடுக்கி பெல்ற் போடுங்கோ. தாங்கியிலிருந்து பம்புக்குப் போற இணைப்பை பிவிசி குழாயில் இறுக்கி ஒட்டாதீங்கோ. கிறவல் வீதி அதிர்வில் முழங்கை உடையும். தடிச்ச றப்பர் குழாயும் கிளிப்பும்தான் சரி.

சில்லுப் பெயரிங்கில் மழையில் சேறு, கோடையில் தூசி. மாசத்துக்கு ஒருக்கா கிறீஸ் பாருங்கோ. 10 கிலோமீற்றர் ஓடினதும் சில்லின் நடுவைக் கையால் தொட்டுப் பாருங்கோ. இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்கேலாத சூடு எண்டால் நட்டு இறுக்கம், இல்லாட்டி பெயரிங் முடிஞ்சுது.

பிறகு, ட்ரெயிலருக்கும் தனிப் பதிவு இலக்கம், பின் விளக்கு, சிக்னல் எல்லாம் வேணும். ஒட்டுக்கடையில் செய்விக்க முதலே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எந்த அளவு, எந்தப் பாரம் பதியலாம் எண்டு கேட்டு, அந்த அளவுக்குச் செய்வியுங்கோ. செய்து முடிச்சுப் போட்டுப் பதியப் போனால் வெட்டி ஒட்ட வேண்டி வரும். ஓட்டுற ஆளின் சாரதி அனுமதிப்பத்திர வகுப்பு அந்த ட்ரெயிலர் பாரத்துக்குக் காணுமா எண்டதையும் அதே நேரம் பாருங்கோ.

கடைசியாக, ஒழுங்கை. ட்ரெயிலரோட குறுக்கு ஒழுங்கைக்குள் போனால் திருப்ப இடம் வேணும். இரண்டு பக்கமும் முள்ளுக்கம்பி வேலியும் பனையும் நிற்கிற ஒழுங்கையில் ரிவேஸ் எடுக்கத் தெரியாட்டி, கழட்டிக் கையால் தள்ளித்தான் திருப்ப வேணும். 700 கிலோவை இரண்டு பேர் மணலில் தள்ளேலாது.

கிவுள்தண்ணி

வாகனம் எதுவாக இருந்தாலும் மெசினைக் கொல்லுறது எங்கட தண்ணி. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பல கிணறு கிவுள், அதாவது சுண்ணாம்பு கூடின தண்ணி. ஹீற்றர் உள்ள மெசினுக்கு அந்தத் தண்ணியை விட்டால் சுருளில் வெள்ளைப் படை கட்டும். படை கூடக் கூட தண்ணி சூடாகாது, சுருள் எரியும். விசிறுற ஜெற் துவாரம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். படை உடைஞ்சு வந்து அதை அடைக்கும், விசிறல் ஒரு பக்கம் மட்டும் வரும், துணியில் கோடு கோடாக ஈரம் நிற்கும். கழுவின ஆள் மருந்து காணாது எண்டு இன்னும் மருந்து விடுவார். அது இன்னும் மோசம்.

தண்ணி எடுக்கிற இடத்தில் 100 மெஷ் (நுண்கண்) வலை ஒன்று போடுங்கோ. சூடான நீரில் லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலத் தூள் கரைச்சு, மெசினுக்குள் ஓட விட்டு, 20 நிமிடம் நிறுத்தி வைச்சு, நல்ல தண்ணியால் அலசுங்கோ. கிவுள் தண்ணி பாவிச்சால் இரண்டு கிழமைக்கு ஒருக்கா. அந்த நேரம் குளோரின் கலந்த எதையும் கிட்டக் கொண்டு போகாதீங்கோ, நச்சு வாயு வரும். மாரியில் கூரைத் தண்ணியைப் பிடிச்சு வைச்சால் அதைவிட நல்ல தண்ணி இல்லை. குழாய்க்கிணற்றில் இரும்பு கூடின இடத்தில் வெள்ளைத் துணி, வெளிர் நிறத் துணி கழுவாதீங்கோ, மஞ்சள் ஏறும். அந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டுக்காரரின் தண்ணியை நம்பாமல் 100 லீற்றர் காவ வேணும்.

மின்சாரம். 1200 வாற் மோட்டர் இரண்டும் பம்பும் சேர்ந்தால் 2500 வாற், 11 அம்பியர். 13 அம்பியர் சொக்கற் தாங்கும். 5 அம்பியர் சொக்கற்றில் போட்டால் எரியும். பழைய வயரிங் வீட்டில் 15 அம்பியர் சொக்கற் பெரும்பாலும் குசினிப் பக்கம்தான் இருக்கும், ஆகவே நீள வயர் வேணும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி, 25 மீற்றர். 11 அம்பியரில் 4 வோல்ற்று அளவுதான் இழப்பு. கடையில் மலிவாகக் கிடைக்கிற 1 சதுர மில்லிமீற்றர் வயரை 50 மீற்றர் இழுத்தால் 20 வோல்ற்று போயிடும். சுருளைச் சுத்தினபடி பாவிச்சால் உள்ளுக்குள் உருகும், முழுக்க விரிச்சுப் போடுங்கோ.

மின்கம்பி வரிசையின் கடைசி வீடுகளில் மாலையில் 190 வோல்ற்றுக்கு இறங்கும். அந்த நேரம் வக்யூமின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு குறையும், தண்ணி துணிக்குள்ளேயே நிற்கும். சின்ன வோல்ற்று மீற்றர் ஒன்று பிளக்கில் கொழுவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கோ. 205க்குக் கீழே எண்டால் ஜெனரேற்றர், இல்லாட்டி காலமை வாங்கோ.

ஹீற்றர் பற்றி ஒன்று: 2000 வாற் ஹீற்றர் 40 லீற்றரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 45 நிமிடம் எடுக்கும். வக்யூமோட சேர்த்துப் போட்டால் 20 அம்பியர், ஒரு சொக்கற் தாங்காது. முதல் தண்ணியைச் சூடாக்கி, ஹீற்றரை நிப்பாட்டிப் போட்டுத்தான் வேலை. அந்த 45 நிமிடத்துக்குள் தூசி உறிஞ்சி, மருந்து அடிச்சு ஊற வைக்கலாம்.

பரந்தன்சந்தி

அண்ணாமாருக்கு நன்றி. முன்பாரம் பின்னுக்குப் போற விசயம் நாங்கள் யோசிக்கவே இல்லை. மச்சானுக்கும் வாசிச்சுக் காட்டினன். அப்ப வான் எண்டு வைப்பம். எவ்ரியா டொல்பினா? மற்றது, நனைஞ்ச காப்பெற்றை ஏற்றி வீட்ட கொண்டு வந்து கழுவுறது எண்டால் எவ்ரி காணுமா?

நூலிழை

வாகனத்தைப் பற்றி மற்றவை சொல்லட்டும். கழுவுற பொருளைப் பற்றி நான் சொல்லுறன், ஏனெண்டால் வானுக்குள் என்ன இருக்க வேணும் எண்டதை அதுதான் தீர்மானிக்கும்.

எங்கட பக்கத் தூசி செம்மண், கிறவல் தூசி. அதைக் காய்ஞ்சபடி உறிஞ்சாமல் தண்ணி விட்டால் சேறாகி நூலின் அடிக்குப் போகும், பிறகு எந்த மெசினாலும் வராது. ஆகவே ஈர மெசினை விட வேறாக ஒரு உலர் வக்யூம் வானில் இருக்கவே வேணும். செற்றியில் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையில் உள்ள இடுக்கைத் தனி முனை போட்டு மெதுவாக உறிஞ்சுங்கோ. பாதி அழுக்கு அங்கதான் கிடக்கும்.

இலவம் பஞ்சு மெத்தை, தும்பு மெத்தை இரண்டையும் நனைக்கவே கூடாது. உலர் வக்யூம், வெயில், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கேட்டாலும் மறுக்க வேணும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிச்சு மெத்தையே எறியிற நிலை வரும். ஸ்பொஞ், ஸ்பிறிங் மெத்தைக்கு மேல்துணியை மட்டும் மெல்லிய ஈரத்தில் செய்யுங்கோ. செற்றிக்கு பம்பின் அமுக்கத்தை 150 பிஎஸ்ஐக்கு மேல ஏற்றாதீங்கோ. ஒருக்கா தண்ணி விட்டால் இரண்டு, மூன்று தரம் வெறுமனே உறிஞ்ச வேணும்.

சோளகக் காற்றடிக்கிற காலத்தில் யன்னலைத் திறந்து காற்றாடி ஒன்று வைச்சால் பின்னேரத்துக்குள் காயும். கார்த்திகை, மார்கழியில் அப்படி இல்லை. வெளிக்காற்றே ஈரம். 24 மணித்தியாலத்துக்குள் காயாத எதிலும் பூஞ்சண மணம் பிடிக்கத் தொடங்கும். மாரிக்கு மூன்று காற்றாடி, செற்றியைத் தூக்கி வைக்க மரக்கட்டை, இரண்டும் வேணும். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் முன்னால்தான் வேலை கூடும், அதுவும் மாரியிலேயே வரும், ஆகவே காற்றாடியில் மிச்சம் பிடிக்காதீங்கோ.

விரிப்புக் காப்பெற்றை ஏற்றிக் கொண்டு வந்து கழுவுறது நல்ல யோசனை. சாய்வாகப் போட்ட சீமெந்துத் தளம், நிழல், கொடிக்கம்பி இருந்தால் வீட்டில் கழுவுறதை விடச் சுத்தமாக வரும். ஆனால் நனைச்சபடி ஏற்றாதீங்கோ. ஒன்பதுக்கு ஆறு அடி விரிப்பு காய்ஞ்சபடி 12 முதல் 15 கிலோ, நனைஞ்சால் இரண்டு மூன்று மடங்கு. காய்ஞ்சதைச் சுருட்டி, பொலித்தீன் உறையில் போட்டு ஏற்றினால் எவ்ரி காணும், சுருளின் நீளம் ஆறு அடியாக வாற மாதிரிச் சுருட்டுங்கோ. பள்ளிவாசல் காப்பெற் மாதிரி நீளச் சுருள் எண்டால் அந்த இடத்திலேயே செய்யுங்கோ.

கம்பளி விரிப்புக்கு காரம் குறைஞ்ச மருந்து, பிஎச் 8.5க்குக் கீழே. சூட்டுத் தண்ணி வேண்டாம். கடைசியாக மெல்லிய சிற்றிக் நீரால் அலசினால் காரம் நீங்கும், காய்ஞ்ச பிறகு பழுப்பு ஏறாது.

அச்சாணி

எவ்ரியா டொல்பினா எண்டால், இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ. டொல்பினில் இடம் தாராளம், டீசல், பாரம் தாங்கும், பின்னுக்கு வளர வசதி. ஆனால் வயசு போன உடம்பு. பின் சில்லு வளைவு, தளத்தின் ஓரம், வழுக்குக் கதவின் கீழ்ப்பகுதி மூன்றிலும் கறள் பாருங்கோ. றப்பர் பாயைத் தூக்கி ஸ்குறூ றைவரால் குத்திப் பார்க்க வேணும். தண்ணி வேலைக்கு எடுக்கிற வானில் கறள் ஏற்கனவே தொடங்கியிருந்தால் ஈரம் அதை விரைவாக முடிச்சுவிடும். தளம் நல்லா இருந்தால் டொல்பின். இல்லாட்டி தளம் சுத்தமான எவ்ரி, ஜெனரேற்றர் இல்லாமல்.

பட்டாவில் பாரம் பிரச்சினை இல்லை, ஆனால் கூடு அடிச்சாலும் கிறவல் தூசி இடுக்கால் ஏறி மெசினுக்குள்ளயும் கழுவின துணிக்குள்ளயும் போகும். கூடு அடிக்கிறதெண்டால் கதவு விளிம்பு முழுக்க றப்பர் பட்டி வேணும்.

வானுக்குள் பூட்டுறதில் நான்கு விசயம் கவனியுங்கோ. மெசினையும் கான்களையும் வெறும் தளத் தகட்டில் போல்ற் அடிக்காதீங்கோ. தகடு கிழியும். கீழே சட்டத்தின் குறுக்கு இரும்புக்கு நேராக, அடியில் 6 மில்லிமீற்றர் தகட்டுத் துண்டு வைச்சு போல்ற் போடுங்கோ. ஓட்டுநருக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு வேணும். சடுதியாகப் பிறேக் அடிக்கேக்கை 35 கிலோ கான் முதுகுக்கு வரும். தளத்தில் தடிச்ச றப்பர் பாய், ஓரத்தில் மடிச்ச தகட்டுத் தட்டு, தண்ணி வடிய ஒரு துவாரமும் குழாயும். ஜெனரேற்றரை வானுக்குள் ஓடவே விடாதீங்கோ, பின்கதவு திறந்திருந்தாலும். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. இறக்கி, வீட்டு யன்னலிலிருந்து தள்ளி, புகை வீட்டுக்குள் போகாத மாதிரி காற்று வீசுற பக்கம் பார்த்து வையுங்கோ.

மெசின் 50 கிலோ, தளம் இரண்டு அடி உயரம். ஆறு அடி சாய்பலகை, மேல் நுனியில் கொக்கி வைச்சு வானில் கொழுவுற மாதிரி. இரண்டு பேர் நாளுக்கு ஆறு தரம் தூக்கினால் முதுகு போயிடும்.

கிவுள்தண்ணி

அழுக்குத் தண்ணியை எங்க ஊத்துறது எண்டு ஒருவரும் கேட்கேல்லை. கிணற்றடியில் வேண்டாம், வாய்க்காலில் வேண்டாம், குளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரரிடம் கேட்டு, கழிவறைத் தண்ணி போற குழியில், இல்லாட்டி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் மண்ணில் ஊறுற இடத்தில். ஊத்த முதல் வலையால் வடிச்சு மயிரையும் நூலையும் எடுத்துப் போடுங்கோ, இல்லாட்டி அவையின் குழாய் அடைக்கும். இடம் இல்லை எண்டால் வெறுங் கான்களில் திருப்பிக் கொண்டு வாங்கோ. விட்ட தண்ணியில் பெரும்பகுதி திரும்பி அழுக்காக வரும், ஆகவே நல்ல தண்ணிக் கானும் அழுக்குக் கானும் வேற வேற நிற மூடி.

வானை வாங்கினதும் இன்சூரன்ஸ் காரரிடம் உள்ளே என்ன பூட்டியிருக்கிறீங்கள் எண்டதை எழுத்தில் குடுங்கோ. படமும் எடுத்து வையுங்கோ.

பரந்தன்சந்தி

சரி அண்ணாமார், அக்கா. டொல்பினின் பாயைத் தூக்கிப் பார்க்கப் போறம். தளம் கறள் எண்டால் எவ்ரி. உலர் வக்யூமும் மூன்றாவது காற்றாடியும் பட்டியலில் சேர்த்தாச்சு. சாய்பலகைக்கு அலுமினியமா, மரமா நல்லது?

அச்சாணி

ஒன்றரை அங்குல மரப்பலகை இரண்டு, கீழே குறுக்குச் சட்டம் மூன்று, மேலே பழைய ரயர் றப்பர் ஆணியடிச்சு. அலுமினியம் பாரம் குறைவு, ஆனால் ஈரச் சில்லு அதில் வழுக்கும்.